சிப்பிக்குள் யாரை இருத்துவது

1

நேற்று வெம்பிளிக்கு மரக்கறி வாங்கப் போயிருந்தேன். நாங்கள் இருப்பது லண்டன் நகரத்தின் மறுகோடியில், ஃபாரஸ்ட் கேட்டில். எங்கள் பக்கத்திலும் தமிழ்க் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் என் கணவரின் அக்கா, வசந்தி மச்சாள், வெம்பிளியில் இருக்கிறார். அவர் வீட்டுக்குப் போனால் அவர் சொல்லும் கடையில்தான் கத்தரிக்காய் வாங்க வேண்டும், இல்லையென்றால் மனம் நோகும்.

ஹை ரோட்டில் சிவப்பு விளக்குக்கு ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. பின்கதவு முழுதாகச் சாத்தாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அந்த இடைவெளியால் தங்க நிறத்தில் ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. போன வருடம் எங்கள் வீட்டு முற்றத்தில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் கிடந்த அதே சிப்பி. விளிம்பு உடைந்த இடத்தில் வேறு தங்கப் பெயின்ட் பூசியிருந்தார்கள், நிறம் பொருந்தவில்லை. பச்சை விழுந்ததும் வான் போய்விட்டது. நான் பையோடு நடைபாதையில் நின்று வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்தில் நின்ற குஜராத்திப் பெண்மணி தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் எழுதும் குறிப்புகளில் வழக்கமாகக் குளிரும் ரயிலும் டொக்டரைப் பார்க்கக் கிடக்கும் வரிசையும் வரும். கொஞ்சம் சிரிக்கலாம். இந்த முறை சிரிப்பு வந்தால் சிரியுங்கள், ஆனால் நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு வருடம் போயும் அது அடங்கவில்லை என்று நேற்றுத்தான் எனக்கே தெரிந்தது.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அல்லது என் கோபத்தில் பாதி உங்களுக்கு விளங்காது. லண்டன் நடுவில் உள்ள ஒரு அருங்காட்சியகத்தில் அறைக் காவல் பார்க்கிறேன். பெயர் வேண்டாம், சம்பளம் தருகிற இடம். நீலச் சீருடை போட்டுக்கொண்டு ஓர் அறையில் நின்று, யாரும் எதையும் தொடாமல் பார்ப்பதுதான் வேலை. கழிவறை எங்கே என்று கேட்பவர்களுக்கு வழி காட்டுவதும் உண்டு.

என் அறையில் இருப்பவை பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பணக்காரரின் வீட்டுச் சாமான்கள். ரொக்கோக்கோ என்பது அந்தப் பாணியின் பெயர். எனக்கு இதில் படிப்பு ஒன்றும் கிடையாது. சுவரில் ஒட்டியிருக்கும் அட்டைகளை வருடக்கணக்காகத் திரும்பத் திரும்ப வாசித்ததில் ஒட்டிக்கொண்டதுதான். பெரிய அரண்மனையும் பெரிய தூண்களும் கட்டி எல்லோரையும் தன் காலடியில் வைத்திருந்த ராஜா செத்துப்போக, பிரபுக்கள் பாரிஸில் உள்ள தங்கள் வீடுகளுக்குத் திரும்பி வந்து ஆளுக்கொரு சின்ன வரவேற்பறை கட்டினார்களாம். அந்த அறைகளில் நேர்கோடு கண்ணில் படக்கூடாது. சுவரும் கூரையும் சேரும் மூலையைக்கூட வளைத்து மெழுகியிருப்பார்கள். வெள்ளைப் பலகையில் தங்கக் கொடி ஓடும், கொடி இலையாகும், இலை நுரையாகும், நுரை சிப்பியாகும். எங்கு பார்த்தாலும் சிப்பி. சிப்பியும் கூழாங்கல்லும் பதித்துத் தோட்டத்துக் குகைகளை அலங்கரிக்கும் வேலைக்குப் பிரெஞ்சில் இருந்த பெயரிலிருந்துதான் ரொக்கோக்கோ என்ற பெயரும் வந்ததாம். பின்னால் வந்தவர்கள் நக்கலுக்கு வைத்த பெயர்.

எனக்கு அந்த அறையில் பிடித்தது ஒரு மெழுகுதிரித் தாங்கி. இடப்பக்கத்து இலை மேலே ஏறிப் போகிறது. வலப்பக்கத்து இலை பாதி வழியில் மனம் மாறியதுபோல் கீழே திரும்பிவிடுகிறது. இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, ஆனாலும் சரியாமல் நிற்கிறது. ஆளில்லாத நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் கால்வலி கொஞ்சம் மறக்கும்.

பிடிக்காதது, அதற்கு நேரே தொங்கும் ஒரு படம். ரோஸ் நிறச் சட்டையில் ஒரு பிள்ளை, பதின்மூன்று பதினாலு வயது இருக்கலாம். சிப்பி வடிவ முதுகு வைத்த நாற்காலியில் சாய்த்து இருத்தியிருக்கிறார்கள். ஒரு செருப்பு காலில் இல்லை. கன்னத்தில் பூச்சு. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. அட்டையில் வரைந்தவரின் பெயர், வரையச் சொன்ன பிரபுவின் பெயர், சட்டம் செதுக்கியவரின் பெயர், அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த குடும்பத்தின் பெயர் எல்லாம் இருக்கின்றன. பிள்ளைக்கு மட்டும் 'ஓர் இளம் பெண்' என்று போட்டிருக்கிறார்கள். வயதான ஆண்கள் சிலர் அதன்முன் நிற்கும் நேரத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். தொட்டால் தடுக்கலாம், பார்ப்பதைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.

ஒருநாள் ஒரு விரிவுரையாளர் அம்மையார் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல குரல், அழகாகப் பேசினார். முடிவில், "இன்றைக்கு இதையெல்லாம் உயிரோடு பார்க்க விரும்பினால் வெம்பிளியில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போங்கள்" என்றார். கூட்டம் சிரித்தது. நான் எட்டித் தொடும் தூரத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

பிரெஞ்சு ராஜாவின் வைப்பாட்டி தங்கம் பூசினால் அது பாணி. யாழ்ப்பாணத்து வசந்தி தங்கம் பூசினால் பகிடி. எனக்கு ரத்தம் கொதித்தது. மச்சாள் வீட்டுத் தங்கக் கால் சோபாவைப் பற்றி நானே எத்தனையோ முறை நக்கலடித்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாத சோபா அது. ஆனால் அது எங்கள் வீட்டுச் சண்டை. இவர்கள் யார் சிரிக்க? அன்று முழுக்க மனதுக்குள் மச்சாளுக்காக வாதாடிக்கொண்டு நின்றேன். அதை இப்போது நினைத்தால் இன்னும் கூடக் கோபம் வருகிறது.

3

என் மகள் ஆரணி. போன வருடம் பதின்மூன்று. அவள் பெரிய பிள்ளையானபோது வீட்டிலேயே தண்ணீர் வார்த்து, ஆர்ச்வே முருகன் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்து, அவளுக்குப் பிடித்த பீட்ஸா வாங்கிக் கொடுத்தோம். எனக்கு அத்தோடு முடிந்தது. அவளுக்கும் முடிந்தது.

மச்சாளுக்கு முடியவில்லை. சாமத்திய வீடு செய்யாமல் விடுவதா என்று போனில் ஒவ்வொரு நாளும். உங்களில் சிலர் மஞ்சள் நீராட்டு என்பீர்கள். இங்கே அது மண்டபம், மணவறை, பல்லக்கு, புகை, வீடியோ என்று வளர்ந்துவிட்டது. ஊரில் முற்றத்தில் பந்தல் போட்டு முடித்த காரியத்துக்கு இங்கே பிள்ளையைக் குதிரை வண்டியில் கொண்டுவருகிறார்கள். யார் வீட்டில் அதைவிடப் பெரிதாகச் செய்வது என்று போட்டி.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மண்டபம் எடுத்துச் செய்ய மச்சாள் முதலில் கேட்டது ஆரணிக்கு இல்லை, என் கணவருக்கு. அவருக்கு இன்னும் மூன்று மாதத்தில் ஐம்பது வயது. இங்கே ஐம்பதாவது பிறந்தநாளும் மண்டபம் எடுத்துச் செய்வார்கள்.

"ஐயோ அக்கா, என்னைக் கொண்டுபோய்ச் சனத்துக்கு முன்னால இருத்திறதோ?" என்றார் இவர். "எனக்குக் கூச்சமாக் கிடக்கும். ஏலாது, விடுங்கோ."

"அப்ப பிள்ளைக்குச் செய்வம்," என்றார் மச்சாள்.

"ஓம், அது செய்யலாம்," என்றார் இவர்.

தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்குமுன் முடிவாகிவிட்டது. ஆரணி அப்போது மேல்மாடியில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நான் வேண்டாம் என்றேன். இரண்டு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"உமக்கு ஒண்டும் நடக்கேல்லை, நளினி," என்றார் இவர், அன்பாகத்தான். "அந்தக் குறை எங்கட பிள்ளைக்கு வரக்கூடாது."

எனக்கு நடக்கவில்லை என்பது உண்மை. சண்டைக்காலத்து இடப்பெயர்வு நேரம் நாங்கள் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒரு வகுப்பறையில் நாலு குடும்பம். அம்மா இரண்டு மேசைகளுக்கு நடுவே ஒரு சேலையைக் கட்டி என்னை அந்தப் பக்கம் படுக்க வைத்து, மற்றவர்களிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். கிணற்றடியில் ஆட்கள் வருமுன் தண்ணீர் வார்த்தார். கொஞ்ச நாளில் நான் மற்றப் பிள்ளைகளோடு கரும்பலகைக்குக் கீழே ஒற்றைக்காலில் கெந்தி விளையாடிக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் தெரியாது. ஒருவரும் என்னை ஒரு மாதிரிப் பார்க்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல காரியம் அதுதான். இதை நான் இவருக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் அதைத் துயரக் கதையாகவே காதில் போட்டுக்கொண்டார். பிறகு தன் அக்காவுக்கும் அப்படியே சொல்லியிருக்கிறார்.

கடைசியில், சின்னதாக ஒரு சாப்பாடு, சொந்தக்காரர் மட்டும், மேடை கிடையாது என்று பேசி முடித்தோம். மச்சாள் தலையாட்டினார். ஆரணி கேட்டபோது, "அப்பாவின்ர பேர்த்டே பார்ட்டி, செல்லம்" என்று மச்சாளே சொல்லிவிட்டார். ஏன் பிள்ளைக்குப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "அவவுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டுமே," என்றார்.

4

விழாவுக்கு முந்தின வியாழக்கிழமை பின்னேரம் வான் வந்தது. டெக்கரேஷன்காரர் இறங்கி, இன்னொருவரோடு சேர்ந்து ஒரு பெரிய சாமானைப் போர்வை சுற்றித் தூக்கிவந்தார். வாசற்கதவால் அது நுழையாது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"அக்கா, மண்டபத்தில இண்டைக்கு எடுக்க மாட்டினமாம். எனக்குச் சனிக்கிழமை வேற இடத்தில வேலை. ஞாயிறு வரைக்கும் உங்கட முத்தத்தில கிடக்கட்டும்."

"இது என்ன?"

"சிப்பி, அக்கா. பிள்ளை உள்ளுக்க இருப்பா. பாட்டுப் போட, மேல்மூடி மெல்ல மெல்லத் திறக்கும். புகை வரும். லைற் ரோஸோ நீலமோ, நீங்கள் சொல்லுறதுதான்."

"ஆர் இதைக் கேட்டது?"

"வசந்தி அக்காதான். உங்களுக்குச் சொல்லேல்லையே?"

போர்வையை எடுத்தார். ஆளுயரத் தங்கச் சிப்பி. ஃபைபரில் வார்த்தது. உள்ளே ரோஸ் வெல்வெட். ஓரம் முழுக்க நான் தினமும் காவல் காக்கும் அதே சுருள்கள், அதே நுரை, அதே இலை. உச்சியில் இறக்கை முளைத்த ஒரு குழந்தையின் தலை. ஒரே ஒரு வித்தியாசம். இதில் இடமும் வலமும் அச்சுப் போட்டதுபோல் ஒன்றாக இருந்தன. அந்தப் பாணியில் எனக்குப் பிடித்திருந்த ஒரே குணத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதை எடுத்துக்கொண்டு போங்கள் என்று நான் வாய் திறக்குமுன் வாசல் படலை திறந்தது. ஆரணி, இரண்டு சிநேகிதிகளோடு. மூன்று பேரும் சிப்பியைப் பார்த்தபடி நின்றார்கள். சிநேகிதிகளில் ஒருத்தி, ஆயிஷா, மரியாதையாகத்தான் கேட்டாள், ஆன்ட்டி, இது என்ன என்று ஆங்கிலத்தில். நான் ஏதாவது பொய் தேடிக்கொண்டிருந்தேன். டெக்கரேஷன்காரர் முந்திக்கொண்டார். அவருக்கு நல்ல மனம். ஆங்கிலம்தான் கொஞ்சம்.

"ஃபோர் ஹேர்," என்று ஆரணியைக் காட்டினார். "பியூபர்ட்டி ஃபங்ஷன். ஷீ பிக் கேர்ள் நவ்." பிறகு கைகளை விரித்து, சிப்பி எப்படித் திறக்கும் என்று செய்தும் காட்டினார்.

மற்றப் பிள்ளை போனை எடுத்துவிட்டாள். ஆயிஷா அவள் கையைத் தட்டிவிட்டது எனக்குத் தெரிந்தது, ஆனால் படம் எடுத்தாகிவிட்டது. ஆரணியின் முகம் வெளிறிப் போயிருந்தது. உள்ளே போய்த் தன் அறைக் கதவைச் சாத்தினாள். நான் பின்னால் போய்க் கதவைத் தட்டினேன்.

"அம்மா, டிட் யூ டெல் எவ்ரிவன்?"

எல்லாருக்கும் சொல்லிவிட்டீர்களா என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்லத்தான் போனேன். அதற்குள் என் போனில் மச்சாளின் அழைப்பிதழ் வந்து விழுந்தது. அதைக் கடைசியாகப் பார்த்தவர்கள் நாங்கள்தான் போலிருக்கிறது. தங்கச் சுருள் போட்ட சட்டத்துக்குள் ஆரணியின் பள்ளிக்கூடப் படம், கன்னத்தில் கொம்பியூட்டரில் பூசிய ரோஸ் நிறம். ரொறொன்ரோவில் இருக்கும் சித்தப்பா முதற்கொண்டு எல்லோரும் வாழ்த்து எழுதியிருந்தார்கள்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள். படம் வகுப்பு முழுக்கப் போய்விட்டதாம். அன்று மத்தியானம் நகரசபைக் கவுன்சில்காரர் ஒருவர் வந்து, யாரோ பெரிய குப்பையைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து, இறக்கை முளைத்த குழந்தையின் நெற்றியில் ஒரு எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். நான் கவுன்சிலுக்குப் போன் எடுத்தேன். ஒன்றை அமத்து, மூன்றை அமத்து, பாட்டுக் கேள். கடைசியில் ஒரு பெண் வந்து, சாமான் என்ன வகை என்று கேட்டார். சோபாவா, அலுமாரியா, குளியல் தொட்டியா? ஒரு பிள்ளையை உள்ளே இருத்தித் திறந்து காட்டுகிற சாமான் என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. அப்படி ஒரு வகை தங்களிடம் இல்லை என்றார். என்ன வகையாக வேண்டுமென்றாலும் போட்டு உடனே எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். முன்பதிவு செய்ய வேண்டுமாம், அதற்கு அடுத்த மாதம்தான் இடம் இருக்கிறதாம். எனக்கு இந்த நாட்டின்மேலும் கோபம் வந்த நாள் அது.

5

சனிக்கிழமை எனக்கு ஷிஃப்ட். மச்சாள் விழா உடுப்போடு வருவார் என்று தெரிந்து, ஆரணி என்னோடு ரயில் ஏறினாள். என் அறையில் பார்வையாளர் உட்காரும் வாங்கில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி இருந்தாள். சின்ன வயதில் இங்கே வந்தால் ஒவ்வொரு நாற்காலியாக என்னிடம் விசாரிப்பாள். அவள் தமிழில் கேட்டால் தமிழிலும் ஆங்கிலத்தில் கேட்டால் அதற்கும் தமிழிலும் பதில் சொல்வேன். இப்போது அவள் என்னிடம் கேட்பதே குறைந்துபோய்விட்டது.

மத்தியானம் போல எழுந்து அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அட்டையை மேலிருந்து கீழே வாசித்தாள். வாசித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"இவ ஆர்?"

"தெரியாது பிள்ளை. பேர் எழுதி வைக்கேல்லை."

"எல்லாற்ற பேரும் இருக்கு." பிறகு படத்தைப் பார்த்தபடியே ஆங்கிலத்துக்கு மாறினாள். "டிட் எனிவன் ஆஸ்க் ஹேர்?"

அவளிடம் யாராவது கேட்டார்களா? இத்தனை வருடம் அதற்கு எதிரே நின்றிருக்கிறேன், எரிச்சல் பட்டிருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. ராஜா காலத்துப் பிரபு கேட்டிருக்க மாட்டான். எங்கள் வீட்டிலும் ஒருவரும் கேட்கவில்லை. அறைக்குள் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். சீருடையோடு நின்று அழக்கூடாது என்று விதி ஒன்றும் இல்லை, ஆனால் நான் அழவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு ஷிஃப்ட் முடியும்வரை நின்றேன்.

6

வீட்டுக்கு வந்தபோது மச்சாள் முன்னறையில் இருந்தார். சோபா முழுக்க ரோஸ் பாவாடை. பக்கத்தில் இவர். ஆரணி படியேறிப் போய் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஆரணி வரமாட்டா," என்றேன். "இல்லை, வருவா. சாப்பிட வருவா. சிப்பிக்குள்ள இருக்க மாட்டா."

"என்ன கதை இது, நளினி?" என்றார் மச்சாள். "சனம் எல்லாம் வருது. நாளைக்கு நான் அவையளுக்கு என்னெண்டு முகம் குடுக்கிறது? பிள்ளை இப்ப அழும், பிறகு வீடியோவைப் பாத்துச் சந்தோசப்படும். எல்லாப் பிள்ளையளும் அப்பிடித்தான்."

"எல்லாப் பிள்ளையளிட்டையும் கேட்டனீங்களோ?"

"நளினி, கத்தாதையும்," என்றார் இவர். "அக்கா எவ்வளவு ஆசையா எல்லாம் ஒழுங்கு செய்திருக்கிறா. மண்டபம், சாப்பாடு, கமரா. இப்ப நிப்பாட்ட ஏலாது."

"ஆர் நிப்பாட்டச் சொன்னது? மண்டபம் இருக்கட்டும். சாப்பாடு இருக்கட்டும். கமரா இருக்கட்டும். சிப்பியும் இருக்கட்டும். வாற புதன்கிழமை உங்களுக்கு ஐம்பது. நீங்கள் உள்ளுக்க இருங்கோ."

"உமக்கென்ன விசரே?"

"ஏன்? கூச்சமாக் கிடக்கோ?"

இவர் பக்கத்தில் கிடந்த பாவாடையைத் தள்ளி வைத்தார். மூன்று மாதத்துக்கு முன் இதே சோபாவில் இருந்து சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். படியிலிருந்து ஆரணியின் குரல் வந்தது.

"மாமி, யூ டோல்ட் மீ இட்ஸ் அப்பாஸ் பார்ட்டி."

அப்பாவின் பார்ட்டி என்று நீங்கள்தானே சொன்னீர்கள். மச்சாள் பாவாடையை மடிக்கத் தொடங்கினார். மடித்துக்கொண்டே கணக்குப் போட்டிருக்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. விழாவை நிறுத்தினால் மானம் போகும், ஆளை மாற்றினால் போகாது. அன்று இரவே புது அழைப்பிதழ் வந்தது. அதே தங்கச் சட்டம், உள்ளே இவருடைய பாஸ்போர்ட் படம். கன்னத்து ரோஸ் நிறத்தை எடுக்க மறந்துவிட்டார்கள்.

மறுநாள் மண்டபத்தில் பாதிப் பேர் இரண்டாவது செய்தியைப் பார்க்காமல் ரோஸ் நிறப் பரிசுப் பைகளோடு வந்திருந்தார்கள். ஆரணி ஜீன்ஸ் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் இருந்து கட்லட் சாப்பிட்டாள். சிப்பியை எடுக்கவே வேண்டாம் என்று இவர் கடைசிவரை கெஞ்சினார். அதற்கு மறுப்புச் சொன்னது நான் இல்லை, மச்சாள். வந்த சாமான் சும்மா கிடக்கக்கூடாதாம். கமராக்காரரும் விடவில்லை.

புகை வந்தது. பாட்டு வந்தது. மேல்மூடி பாதிவரை திறந்து இறுகிக்கொண்டது. டெக்கரேஷன்காரர் ஓடிப்போய் இழுக்க விளிம்பில் ஒரு துண்டு உடைந்தது. உள்ளே இவர், வேட்டி சால்வையோடு முழங்காலை மடக்கி, ரோஸ் வெளிச்சத்தில்.

"அண்ணை, நாடியைக் கொஞ்சம் நிமித்துங்கோ. அப்பிடி இல்லை, சரிவா. கையைக் கன்னத்தில வையுங்கோ. சிரியுங்கோ. இன்னும் கொஞ்சம். அப்பிடியே இருங்கோ, அசையாதேங்கோ," என்றார் கமராக்காரர்.

மண்டபம் முழுக்கப் போன்கள் உயர்ந்தன. இவருடைய சிநேகிதர்கள் விசிலடித்தார்கள். ஒரு மாமி என் காதுக்குள் வந்து, ஆளுக்கு வயது தெரியுது, என்ன, என்றார். இவர் சிரித்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக உறைந்துபோனது. கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அங்குமிங்கும் போய், கடைசியில் எங்கள் மேசைக்கு வந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன, ஒன்று மற்றதைக் குறைக்கவில்லை. ஆரணி போனை எடுக்கவில்லை. கட்லட்டைத் தட்டில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்காக வெட்கப்பட்ட ஒரே ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன்.

7

திரும்பி வரும்போது அவர்தான் காரை ஓட்டினார். வேட்டியில் வெல்வெட்டின் ரோஸ் நிறம் ஒட்டியிருந்தது. ஒரு சிவப்பு விளக்கில் கார் நின்றது. முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவை. எங்க பாக்கிறதெண்டே எனக்குத் தெரியேல்லை. எழும்பி வரவும் ஏலாது." கொஞ்சம் பொறுத்து, "எனக்கு ஐம்பது வயசு, நளினி. எனக்கே தாங்க ஏலாமல் போச்சு," என்றார்.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, நாக்கு நுனிவரை வந்தது. அதற்குமுன் பின் இருக்கையிலிருந்து ஆரணி சொன்னாள், தமிழில்.

"எனக்குப் பதின்மூண்டு, அப்பா."

விளக்குப் பச்சைக்கு மாறியது. அவர் காரை எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான், இன்னொருவனும் அடித்தான். அவர் அப்படியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.